வீட்டுப் போக்கர் ஆட்டத்தில் ஏமாறாமல் இருக்க என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும்?

வட்டமேசை எழுதியது:

வணக்கம். நெடுநாள் நண்பர்கள் சிலர் வார இறுதிகளில் ஒருவர் வீட்டில் கூடி, சிறிய தொகை வைத்து நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) ஆடி வருகிறோம். தொடக்கத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களாக இருந்ததால், சீட்டை யார் கலைக்கிறார், யார் வெட்டுகிறார், சிப்ஸ் (பணத்துக்கு ஈடான வில்லைகள்) பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் எவரும் பெரிதுபடுத்தியதில்லை. அண்மைக் காலமாக நண்பரின் நண்பர் என்ற முறையில் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். பந்தயத் தொகையும் மெல்ல மெல்ல உயர்ந்துவிட்டது. அந்த இருவரில் ஒருவர், தாம் சீட்டுப் போடும் முறை வரும்போதெல்லாம் பெரிய பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையை) வெல்வதாக எனக்கும் இன்னொரு நண்பருக்கும் தோன்றுகிறது.

அது உண்மையா, தோற்றவர்களின் மனப்பிரமையா என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவர்மீது பழி சுமத்தவும் மனம் ஒப்பவில்லை. கண்டுகொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. தற்போது காகிதச் சீட்டுக்கட்டு ஒன்றையே பயன்படுத்துகிறோம். சீட்டுப் போடுபவரே கலைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வெட்டக் கொடுத்து, தாமே பகிர்கிறார். இந்த முறையில் உள்ள ஓட்டைகள் யாவை, எவற்றை முதலில் அடைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்டுச்சீட்டு எழுதியது:

சூதாட்ட அரங்கு ஒன்றில் சீட்டுப் போடும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைதேர்ந்த ஒருவர் மேற்சீட்டுக்குப் பதிலாக அடிச்சீட்டை உருவிப் போடுவதைக் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆட்காட்டி விரல் கட்டின் முன்விளிம்பில் வளைந்து நிற்க, மற்ற மூன்று விரல்களும் பக்கவாட்டில் அணைத்திருக்கும் ஒரு பிடியை அத்தகையவர்களிடம் காணலாம். ஆனால் நேர்மையாக ஆடுபவர்களிலும் பலர் வெறும் பழக்கத்தால் அப்படித்தான் கட்டைப் பிடிக்கிறார்கள். எனவே பிடியை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆளைக் கண்காணிப்பதில் செலவிடும் கவனத்தை, கைவரிசைக்கு இடமே இல்லாதபடி ஆட்ட முறையை மாற்றுவதில் செலவிடுங்கள்.

உங்கள் ஆட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை, கலைப்பதும் பகிர்வதும் ஒரே கையில் இருப்பதுதான். வேண்டிய சீட்டுகளை அடியிலோ மேலேயோ நிறுத்திக்கொண்டு, கலைப்பது போன்ற ஓசையும் அசைவும் மட்டும் காட்டுவது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. வெட்டு அதைக் கெடுத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் வெட்டிய இரண்டு பாதிகளைச் சீட்டுப் போடுபவர் கையில் எடுத்து அடுக்கும் அந்த ஒரு நொடியில், மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள். இன்னும் எளிய வழியும் உண்டு. கலைப்பவர் ஓரிடத்தில் ஒரு சீட்டை மிக மெல்ல வளைத்துவிட்டால் அங்கே மயிரிழை அளவு இடைவெளி உண்டாகும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் கூட்டாளியின் விரல் தானாகவே அந்த இடத்தில் போய் நின்று வெட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் முறைப்படி நடந்ததாகவே தோன்றும்.

இதற்கு மாற்று, கலைப்பவர், வெட்டுபவர், பகிர்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது. முதுகு நிறம் வேறுபட்ட இரண்டு கட்டுகளை வைத்துக்கொண்டால் இதனால் நேரமும் வீணாகாது. சிவப்புக் கட்டில் ஆட்டம் நடக்கும்போது, சற்றுமுன் சீட்டுப் போட்டவர் நீலக் கட்டைக் கலைத்து வைத்துவிடலாம். இரண்டு நிறங்கள் இருப்பதால், மடியில் ஒளித்து வைத்திருந்த சீட்டைப் பழைய கட்டிலிருந்து புதிய கட்டுக்குள் நுழைக்கவும் முடியாது. வெட்டு எப்போதும் மேசைமீதே, ஒரு கையால், எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். இரு பக்கமும் குறைந்தது ஐந்து சீட்டுகளாவது இருக்க வேண்டும்.

அடுத்தது வெட்டு அட்டை. சீட்டின் அளவிலேயே, ஒளி ஊடுருவாத கெட்டியான பிளாஸ்டிக் துண்டு அது. வெட்டுபவர் மேற்பாதியை எடுத்து அந்த அட்டையின்மேல் வைத்து, மீதியை அதன்மேல் அடுக்கினால், கட்டின் அடிச்சீட்டு முழுவதும் மறைந்துவிடும். அடிச்சீட்டு என்னவென்று எவரும் பார்க்க இயலாது. அதை உருவ நினைப்பவரும் அட்டையைத் தாண்டி உருவ வேண்டியிருக்கும். நான் கூறும் எல்லாவற்றிலும் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுதான். அட்டை கிடைக்கும்வரை ஜோக்கர் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள்.

கலைக்கும் முறையைப் பொறுத்தவரை, ஆட்டம் தொடங்கும்போதும் புதிய கட்டைப் பிரிக்கும்போதும் சீட்டுகளை மேசைமீது கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் நன்றாகக் கலந்துவிடுங்கள். பின்னர் இரு பாதிகளாகப் பிரித்து விரலால் விடுவித்துப் பின்னும் முறையில் இரு தடவை, கத்தை கத்தையாக மேலிருந்து எடுத்துப் போடுவது ஒரு தடவை, மறுபடியும் பின்னுவது ஒரு தடவை, இறுதியில் வெட்டு என்பது அரங்குகளில் வழங்கும் வரிசை. 52 சீட்டுகள் நன்கு கலைய ஏழு முறை பின்ன வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் நிறுவினார்கள். வீட்டாட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் (ஒரு முறை சீட்டைப் பகிர்ந்து ஆடி முடிப்பதற்கும்) ஏழு முறை கலைக்கப் பொறுமை இருக்காது என்பதால்தான் பரப்பிக் கலப்பதை நான் வலியுறுத்துகிறேன்.

பரப்பிக் கலப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சீட்டின் முதுகிலுள்ள கோலம் சில கட்டுகளில் இரு விளிம்பிலும் ஒரே அளவாக வெட்டப்பட்டிருக்காது. வேண்டிய சீட்டுகளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால், முதுகைப் பார்த்தே அவற்றை அடையாளம் கண்டுகொள்ளலாம். 2012-இல் லண்டன் கிளப் ஒன்றில் பில் ஐவி என்ற தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர், பக்காரா வகையைச் சேர்ந்த புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டத்தில் இந்த வழியில் 77 லட்சம் பவுண்டு வென்றார். கிளப் பணத்தைத் தர மறுத்தது. அவர் தொடுத்த வழக்கில், அது ஏமாற்றுதான் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. சீட்டுகள் மேசையில் புரண்டு திசை மாறிவிட்டால் இந்த உத்தி பயனற்றுப் போகும். வெள்ளைக் கரையுள்ள முதுகைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது.

காகிதச் சீட்டைக் கைவிடுங்கள். நகக்கீறல், மடிப்பு, விரலில் தடவிய மை எல்லாம் காகிதத்தில் எளிதில் பதிந்துவிடும். முழுப் பிளாஸ்டிக் சீட்டு வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும். அழுக்கைத் துடைத்துவிடவும் முடியும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் சீட்டுகளான ஃப்ளாப் (முதல் மூன்று), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்குவதை வெறும் சடங்கு என்று எண்ணிப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பந்தயம் நடக்கும் நேரம் முழுவதும் கட்டின் மேற்சீட்டின் முதுகு எல்லோர் பார்வையிலும் கிடக்கிறது. அதில் குறி இருந்தால், அடுத்து என்ன வரும் என்பது குறி தெரிந்தவருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சீட்டையே ஒதுக்கிவிட்டால் அவர் அறிந்ததால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் போய்விடும்.

எதிரிருக்கை எழுதியது:

மேலே நண்பர் கூறிய அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் வீட்டாட்டங்களில் பணம் கரைவது பெரும்பாலும் கைவரிசையால் அன்று. அடிச்சீட்டை உருவ ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். இருவர் கூட்டுச் சேர எந்தப் பயிற்சியும் வேண்டாம். உங்கள் ஆட்டத்துக்கு இருவர் சேர்ந்தே வந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவனத்தை ஈர்த்தது. அதனால் அவர்கள் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் ஆடும்போதுகூட இதே எச்சரிக்கை வேண்டும்.

கூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கையை வைத்துக் காட்டுகிறேன். உங்களிடம் ஏஸும் பத்தும் இருக்கின்றன. ஃப்ளாப்பில் ஒரு ஏஸ் விழுந்துவிட்டது. உங்களுக்கு வலப்புறம் இருப்பவர் பந்தயம் வைக்கிறார்; நீங்கள் அதே தொகையை வைத்து ஈடு கொடுக்கிறீர்கள்; இடப்புறம் இருப்பவர் உயர்த்துகிறார். வலப்புறத்தவர் தயங்குவதுபோல் தயங்கி மேலும் உயர்த்துகிறார். இரு பக்கமும் பலமான கை இருப்பதாக எண்ணி, அதுவரை போட்ட சிப்ஸை விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்குகிறீர்கள். நீங்கள் சீட்டைக் கீழே வைத்த மறுகணம் இடப்புறத்தவர் கடைசியாக ஒரு முறை உயர்த்த, இவ்வளவு நேரம் வீராவேசமாக ஆடிய வலப்புறத்தவர் சத்தமில்லாமல் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார். எந்தக் கையும் காட்டப்படவில்லை. இருவரில் ஒருவரிடம் ஒன்றுமே இருந்திருக்காது. உங்கள் பணத்தை வெளியில் போய்ப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

ஒரு தடவை நடந்தால் அது சாதாரண ஆட்டம். மூன்றாமவர் இருக்கும்வரை சீறுவதும், அவர் விலகியதும் அடங்குவதும் அதே இருவரிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் அதுதான் அடையாளம். இதன் மறுபக்கமும் உண்டு. இருவர் மட்டும் எஞ்சியிருக்கும்போது ஒருவருக்கொருவர் பந்தயமே வைக்காமல் கடைசிவரை செக் செய்துகொண்டு போவார்கள். நட்பின் காரணமாகச் செய்பவர்கள் இதை ஏமாற்று என்று நினைப்பதேயில்லை. ஆனால் அவர்கள் தமக்குள் மிச்சப்படுத்திக்கொள்ளும் சிப்ஸ் முழுவதும் மற்றவர்கள்மீது பாயும் ஆயுதமாகிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

தீர்வுகள் எளியவை. ஒவ்வோர் இரவும் இருக்கையைச் சீட்டெடுத்து முடிவு செய்யுங்கள். நள்ளிரவுக்கு மேல் ஆட்டம் நீண்டால் இடையில் ஒரு முறை மாற்றுங்கள். கூட்டாளிகள் நினைத்த இடத்தில் அமர முடியாவிட்டால், உங்களை நடுவில் சிக்கவைக்கும் ஆட்டமும், முன்பு சொல்லப்பட்ட வெட்டு வித்தையும் ஒருசேரக் கெடும். ஈடு கொடுத்து முடிந்த ஆட்டத்தில், தோற்ற கையையும் காட்டுமாறு கேட்கும் உரிமை சீட்டு வாங்கிய எல்லோருக்கும் இருக்கட்டும். அதை ஓயாமல் கேட்டு எரிச்சலூட்டுபவரிடமிருந்து திரும்பப் பெறலாம். கை நடக்கும்போது எல்லோருக்கும் புரியும் மொழியில் மட்டுமே பேச வேண்டும். ஒதுங்கியவர் இன்னொருவரின் சீட்டைப் பார்க்கக் கூடாது. கைப்பேசி மேசைமீது இருக்கக் கூடாது. இருவருக்கு மேல் இருக்கும்போது ஒரு சுற்றில் மூன்று முறைக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வைக்கலாம். நோ-லிமிட் ஆட்டத்தில் அதன் பயன் சற்றுக் குறைவுதான்.

சிப்ஸ் விஷயத்தையும் கவனியுங்கள். பந்தயச் சிப்ஸை நடுக்குவியலில் வீசக் கூடாது. தம் முன்னால் அடுக்கி வைக்க வேண்டும். சுற்று முடிந்தபின் சீட்டுப் போடுபவர் எண்ணிச் சேர்க்க வேண்டும். வீசினால், இருபது வைத்ததாகச் சொல்லிப் பதினைந்து வைத்தவரை எவராலும் கண்டுகொள்ள முடியாது. வென்றவருக்குக் குவியலைத் தள்ளிவிட உதவும் தாராள மனத்தவரின் உள்ளங்கையில் பசை இருந்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய சிப் அவரோடு போய்விடும். ஆகவே பாட்டைத் தொடும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

நிகழ்தகவு எழுதியது:

கேள்வி கேட்ட நண்பரின் ஐயம் எதில் தொடங்கியது என்பதை யாரும் தொடவில்லை. அவர் சீட்டுப் போடும்போது பெரிய பாட்டை வெல்கிறார் என்கிறீர்கள். உங்கள் ஆட்டத்தில் சீட்டுப் போடுபவரே பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்பதைக் குறிக்கும் வில்லை) இருக்கையில் இருக்கிறார். ஃப்ளாப் விழுந்ததிலிருந்து எல்லோருக்கும் கடைசியாக முடிவெடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு ஆடும் அந்த வசதியால், ஓரளவு திறமையுள்ள எவரும் அந்த இடத்தில் மற்ற இடங்களைவிட அதிகமாக வெல்வார். நேர்மையாக ஆடினாலும் நீங்கள் கண்டதைத்தான் கண்டிருப்பீர்கள்.

நல்ல சீட்டு அடிக்கடி வருவதும் இப்படியே. இரண்டு ஏஸ் வருவதற்கான வாய்ப்பு 221-க்கு 1. ஓர் இரவில் 180 கைகள் ஆடினால், குறிப்பிட்ட ஒருவருக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ இரண்டு ஏஸ் வர ஏறத்தாழ 20-க்கு 1 வாய்ப்பு. அரிதாகத் தோன்றுகிறது. ஆனால் எட்டுப் பேர் அமர்ந்த மேசையில் யாரேனும் ஒருவருக்கு அப்படி வர வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. அதாவது மூன்று இரவுகளில் ஓர் இரவு உங்கள் மேசையில் ஒருவர் ஐயத்துக்குரியவராகத் தோன்றுவார்; அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார். தோற்ற இரவில் மனம் எதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

காட்டப்பட்ட கைகளை மட்டும், யார் சீட்டுப் போட்டார், யார் வென்றார், கடைசிவரை யார் யார் இருந்தார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சில மாதங்களுக்குப் பின் அதைப் புரட்டிப் பார்த்தால், உங்கள் எண்ணம் எவ்வளவு சரி என்பது புலப்படும். வெறும் நினைவை நம்பி ஒரு மனிதரின் நற்பெயரைக் கெடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழையகட்டு எழுதியது:

இதுவரை சொன்னவை எல்லாம், மேசையில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்ற நிலையில் பயன்படும். வேறொரு வகை ஆட்டம் உண்டு: வீட்டுக்காரர், சீட்டுப் போடுபவர், உடன் ஆடுபவர்கள் அனைவரும் ஒரே குழு, அழைக்கப்பட்டவர் மட்டும் அயலார். அங்கே விதிகளை நடத்துபவர்களே களவாணிகள் என்பதால் வெட்டு அட்டையும் இருக்கை மாற்றமும் உங்களைக் காக்கா.

அத்தகைய இடங்களில் கருவிகளும் வந்துவிட்டன. சீட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத மையால் குறிகளை அச்சிட்டு, மேசையில் கிடக்கும் சாதாரணக் கைப்பேசி போன்ற கருவியின் பக்கவாட்டுக் கேமராவால் கட்டு முழுவதையும் படித்து, யார் வெல்வார் என்பதைக் காதுக்குள் சொல்லும் ஏற்பாடு ஒன்றை 2016-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். சீட்டைத் தானாகக் கலைக்கும் இயந்திரத்தின் யு.எஸ்.பி. துளை வழியாக உள்ளே நுழைந்து, சீட்டுகளின் வரிசையைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது 2023-இல் பிளாக்ஹாட் என்ற அதே வகை மாநாட்டில் விளக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டரசு வழக்கறிஞர்கள் வெளியிட்ட குற்றப்பத்திரிகை ஒன்றில், மாற்றியமைக்கப்பட்ட கலைக்கும் இயந்திரங்கள், குறியிட்ட சீட்டுகளைக் காட்டும் கண்வில்லைகள், ஊடுகதிர் மேசை வரை குறிப்பிடப்பட்டிருந்தன. பெரும் புள்ளிகளின் பெயரைச் சொல்லிப் பணக்காரர்களை ஆட்டத்துக்கு இழுத்தார்கள் என்பதும் அதில் உள்ள குற்றச்சாட்டு.

ஆகவே வீட்டாட்டத்தில் இயந்திரம் வேண்டாம். கட்டை வீட்டுக்காரர் தாமே கடையில் வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் உறை பிரிக்கட்டும். விருந்தாளி அன்பளிப்பாகக் கொண்டுவரும் கட்டு மேசைக்கு வரக் கூடாது. முன்பின் அறியாத இடத்துக்கு அழைத்தால், இழந்தாலும் வருந்தாத தொகையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கடனுக்குச் சிப்ஸ் தருகிறோம் என்றால் அத்துடன் எழுந்துவிடுங்கள். தொடக்கத்தில் சிறிது வெல்லவிட்டுப் பிறகு தொகையை உயர்த்துவது அவர்களின் மாறாத வழக்கம்.

வட்டமேசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பட்டன் இருக்கை பற்றிய விளக்கம் என் கண்ணைத் திறந்தது. நாங்கள் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. இத்தனை விதிகளையும் திடீரென்று கொண்டுவந்தால், புதிதாக வந்த இருவரும் தங்களைக் குறிவைத்துச் செய்ததாக நினைக்க மாட்டார்களா? இரண்டாவதாக, ஆட்டத்தின் நடுவே உண்மையிலேயே ஒன்றைக் கண்டுவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

வெட்டுச்சீட்டு எழுதியது:

விதிகளை ஆட்டத்தின் நடுவில் அறிவிக்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிலேயே, தொகை உயர்ந்துவிட்டதால் இனி முறையாக ஆடுவோம், தகராறு வராமல் இருக்க இவை உதவும் என்று வீட்டுக்காரர் பெயரில் எல்லோருக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள். அது பொய்யுமன்று, தவறாகப் பகிர்ந்தது, சிப்ஸ் கணக்குக் குறைந்தது என்று எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இவற்றாலேயே தீரும். நேர்மையாக ஆடுபவருக்கு வெட்டு அட்டையால் ஒரு குறையும் இல்லை. சீட்டுப் போட வராது என்று சொல்லும் பழைய நண்பர்தான் முதலில் முணுமுணுப்பார். அவருக்குப் பதிலாக வேறொருவர் போடலாம், பட்டன் மட்டும் அவரிடம் இருக்கட்டும்.

எதிரிருக்கை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கூச்சலிடாதீர்கள். நீங்கள் கண்டது சரியாகவே இருந்தாலும், அந்த நொடி கடந்தபின் அதை நிறுவ வழியில்லை. பண ஆட்டத்தில் வாய்ச்சண்டை கைகலப்பாக மாற வெகுநேரம் ஆகாது. நடக்கும் கையிலிருந்து ஒதுங்குங்கள். ஓரிரு கைகள் ஆடாமல் பாருங்கள். பிறகு சிப்ஸை மாற்றிக்கொண்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் வீட்டுக்காரரிடம் தனியாக, நீங்கள் கண்டதை மட்டும், ஊகம் கலக்காமல் சொல்லுங்கள். இன்னொருவரும் தாமாகவே அதையே சொன்னால், அடுத்த அழைப்பு அந்த ஆளுக்குப் போகாமல் இருப்பதே போதுமான நடவடிக்கை. இழந்த பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் கைகூடாது. பணம் வைத்து ஆடுவதே பல இடங்களில் சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், புகார் கொடுக்கப் போனாலும் சிக்கல் உங்களுக்கும் வரும்.

பழையகட்டு எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஐயம் வந்த அன்று பயன்படுத்திய கட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 52 சீட்டுகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் முதுகுப் புறம் தெரியும்படி கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் மளமளவென்று விடுவித்தபடியே முதுகுக் கோலத்தின் ஒரே பகுதியைப் பாருங்கள். குறியில்லாத கட்டில் கோலம் அசையாமல் நிற்கும். குறியிட்ட கட்டாக இருந்தால், பூவிதழோ கோடோ ஏதோ ஒன்று மட்டும் இடம் மாறித் துள்ளுவது தெரியும். அதன்பின் ஏஸ்களையும் ராஜாக்களையும் தனியே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விளிம்புகளையும் மூலைகளையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நகக்கீறலும் ஊசிப்புள்ளியும் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத மையை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்கா. அதற்குக் கட்டை நீங்களே வாங்குவதுதான் வழி.